சர்வாதிகார நாவல்களில் மனதை அடக்குவது கேமரா அல்ல

"நாவல்களில் வரும் சர்வாதிகார அரசுகள் மக்கள் மனதை எப்படிப் பிடியில் வைத்திருக்கின்றன? கேமரா, சித்திரவதை தவிர வேறென்ன?" என்பது கேள்வி. நீங்களே அப்படியொரு கதை எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேமராவுக்குத் தகுதிக்கு மீறிய பெயர் வந்துவிட்டது. ஆர்வெல்லின் '1984' நாவலில் (1949) கட்சிக்காரர்கள் வீட்டில் டெலிஸ்கிரீன் உண்டு; அது செய்தியும் சொல்லும், வீட்டிலிருப்பவர்களை வேவும் பார்க்கும் திரை. சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. ஆனால் மக்கள்தொகையில் 85 சதவீதமான உழைப்பாளி மக்களில் பெரும்பாலோர் வீட்டில் அது கிடையவே கிடையாது. அவர்களுக்கு பீர், கால்பந்து, லாட்டரி போதும். அந்த லாட்டரியிலும் சில்லறைப் பரிசுகள்தான் உண்மையில் தரப்படுகின்றன. பெரிய பரிசு விழுந்தவர்களாகச் சொல்லப்படுகிறவர்கள் இல்லாத ஆட்கள்.

நீங்கள் படிக்க வேண்டியது சாக்லேட் விவகாரத்தை. கதாநாயகன் வின்ஸ்டனுக்கு உண்மை அமைச்சகத்தில் பழைய செய்தித்தாள்களைத் திருத்தும் வேலை. இந்த ஆண்டு சாக்லேட் ரேஷன் குறையாது என்று பிப்ரவரியில் அரசு வாக்குக் கொடுத்திருந்தது. இப்போது 30 கிராம் 20 ஆகப்போகிறது. பழைய வாக்குறுதியை எடுத்துவிட்டு, 'ஏப்ரலில் குறைக்க வேண்டிவரலாம்' என்ற எச்சரிக்கையை அவனே எழுதிச் சேர்க்கிறான். மூலத்தாள் சுவரிலிருக்கும் துவாரம் வழியே உலைக்குப் போகிறது. குறைப்பை அறிவித்த மறுநாளே, ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்குக் கட்சித் தலைவர் பிக் பிரதருக்கு நன்றி சொல்லி ஊர்வலங்கள் நடந்ததாக டெலிஸ்கிரீன் சொல்கிறது. கேன்டீனில் கூட இருக்கும் பார்சன்ஸ் அதைச் சிரமமே இல்லாமல் விழுங்கிவிடுகிறான்.

பொய் சின்னது. சரிபார்க்கக் காகிதம் இல்லை. சாட்சி, அவரவர் ஞாபகம் மட்டும். முக்கியமாக, பொய்யை எழுதியது அதில் சிக்கியவனுடைய கை. இதில் ஒரு இடம் ஓட்டை விழுந்தாலும் கதை நிற்காது: "எனக்கும் 30 கிராம்தான் ஞாபகம்" என்று சொல்ல ஒரே ஒரு நண்பன் போதும். அதனால்தான் பார்சன்ஸின் ஏழு வயது மகள் சாவித்துவாரத்தில் ஒட்டுக்கேட்டு அப்பாவையே காட்டிக்கொடுக்கிறாள். வீட்டுக்குள்ளும் வாய் திறக்க வழி இருக்கக் கூடாது.

'ஹக்ஸ்லியை விட்டுவிட்டாயே' என்று வரப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1932-ல் வந்த அவருடைய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில், தூங்கும் குழந்தைகளுக்கு ஒரே வாசகத்தை 100 முறை, வாரம் 3 இரவு, 4 ஆண்டு ஓதுகிறார்கள்; கூட்டினால் 62,400 முறை. முதலில் இதே வழியில் பாடம் கற்பிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். டாமி என்ற பையன் 'நைல்தான் ஆப்பிரிக்காவின் நீளமான நதி' என்ற வாசகத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறான். ஆப்பிரிக்காவின் நீளமான நதி எது என்றால் தெரியாது என்கிறான். புரிந்துகொள்ள வேண்டியது தூக்கத்தில் ஏறாது, விருப்பு வெறுப்பு ஏறும். உங்கள் கதையில் இந்த முறை வந்தால் அந்த வரம்பை மீறாதீர்கள்.

இதெல்லாம் மிகை என்பவர்கள் சோவியத் வரலாற்றைப் பார்க்கட்டும். 1953-ல் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா வீழ்ந்த பிறகு, பெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குப் புதுப் பக்கங்கள் வந்தன. பெரியா பற்றிய பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டியெடுத்துவிட்டு, பேரிங் கடல் முதலியவை பற்றிய இந்தப் பக்கங்களை அங்கே வைக்கச் சொல்லிக் கூடவே குறிப்பு. வெட்ட அதிகாரி யாரும் வீட்டுக்கு வரவில்லை. புத்தகம் வைத்திருந்தவரே வெட்ட வேண்டும்.

   

சித்திரவதைக்கு வருகிறேன். '1984'-ல் அது மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. அதற்கு முன் ஏழு ஆண்டு வின்ஸ்டனைக் கண்காணித்திருக்கிறார்கள். குற்றங்களை அவன் சீக்கிரமே ஒப்புக்கொண்டுவிடுகிறான், ஆனாலும் விடுவதில்லை. விசாரிக்கும் கட்சி அதிகாரி ஓ'பிரையன் நான்கு விரலைக் காட்டி, கட்சி ஐந்து என்றால் இது எத்தனை என்கிறான். வலி தாங்காமல் வின்ஸ்டன் 'ஐந்து' என்றதும், பொய் சொல்கிறாய், இன்னும் உனக்கு நான்கு என்றுதான் எண்ணம் என்று வலியைக் கூட்டுகிறான். புதிதாக எழுதுபவர்கள் பலர் வாக்குமூலத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அதற்கு அடுத்த கட்டத்துக்கு அதிகப் பக்கம் ஒதுக்குங்கள். எழுதக் கடினமான பகுதி அதுதான்.