குதிரை தும்மினால் நோய் வருமா?

கேள்வி: கொடைக்கானல் ஏரிக்கரையில் என் 7 வயது மகன் குதிரைச் சவாரி போனான். இறங்கும்போது குதிரை தும்மியதில் சளி அவன் முகத்திலேயே தெறித்துவிட்டது. போதாததற்கு, லத்தி கிடந்த ரோட்டில் விழுந்து முட்டியில் சிராய்ப்பு வேறு. குதிரையின் கிருமி மனிதருக்குத் தொற்றுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தொற்றும். ஆனால் சளியை விடுங்கள், முதலில் முட்டியைப் பாருங்கள். டெட்டனஸ் கிருமி குதிரையின் குடலில் சாதாரணமாகவே இருக்கும், லத்தியோடு வெளியே வந்தால் மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும், சின்னச் சிராய்ப்பு கிடைத்தாலும் அதற்குப் போதும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு தடுப்பூசி அட்டையை எடுங்கள்: 5 வயதில் போடும் முத்தடுப்பு ஊசி விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். (அந்தக் காலத்தில் டெட்டனஸுக்கு மருந்தையே குதிரை ரத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள். பாம்புக்கடி மருந்து இன்றும் அப்படித்தான் வருகிறது.)

சரி, சளிக்கு வருவோம். குதிரைக்கு வரும் சளி, இருமல் பெரும்பாலும் நம்மிடம் ஒட்டாது. பயப்பட வேண்டியது கிளாண்டர்ஸ் என்ற ஒன்றுக்குத்தான். மூக்கிலிருந்து மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒழுகும், மூக்கின் உள்ளே புண் இருக்கும், சில குதிரைகளுக்குக் காலில் வரிசையாகக் கட்டிகள் கிளம்பி உடைந்து சீழ் வடியும். வட மாநிலங்களில் 2006-க்குப் பிறகு அவ்வப்போது தலைகாட்டுகிறது. குதிரைக்கு வைத்தியம் பார்ப்பதில்லை, நோய் உறுதியானால் சட்டப்படி கொன்றுவிடுவார்கள், உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. மனிதருக்கு வருவது மிக அபூர்வம், வந்தால் குதிரைக்காரர்களுக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும்தான். 2000-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஒருவருக்கு வந்தது. அவர் சர்க்கரை நோயாளி, கிருமியைக் கையாளும்போது கையுறையை ஒழுங்காகப் போடாதவர். அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் அடித்தது, நோய் இன்னதென்று தெரியவே வாரக்கணக்காயிற்று. மருந்து கொடுத்துப் பிழைத்தார்.

உங்கள் பையனுக்கு இது வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ நெறியோ வந்தால் டாக்டரிடம் குதிரை விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார்.

அப்புறம், இறங்கியதும் அதே கையோடு பஜ்ஜி வாங்கித் தின்றானா? நிஜத்தில் அதிகம் வம்பு வருவது அந்த வழியில்தான். லத்தியில் சால்மோனெல்லா என்ற குடல் கிருமி இருந்தால் அது கை வழியாக வயிற்றுக்குள் போய்விடும், வாந்தியும் பேதியும் வரலாம்.