சீதன வீட்டில் ஒரு பட்டறை

கேள்வியில் இருந்தது இவ்வளவுதான்: இரண்டு அறை வீடு, சின்ன வளவு, மரவேலையில் ஆசை, வீட்டோடு ஒரு பட்டறை வைக்க இடத்துக்கு என்ன செய்யலாம்? எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் கராஜில் பாதியை ஒதுக்கச் சொல்கிறார். கராஜ் உள்ளவர் ஏன் ஐயா இப்படி ஒரு கேள்வி கேட்கப் போகிறார்?

நீங்கள் எழுதாத ஒன்றை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீங்கள் இருப்பது மனைவியின் சீதன வீடு. திருகோணமலை என்று போட்டிருக்கிறீர்கள், இரண்டு அறை என்கிறீர்கள், "வீட்டில் சம்மதிக்க வேண்டும்" என்று ஒரு வரியும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். நானும் அப்படி வந்தவன்தான். சாப்பாடு, மரியாதை எதிலும் குறை இல்லை. ஆனால் சுவரில் ஆணி அடிக்கச் சுத்தியலைத் தூக்கும்போதுதான் வீடு யாருடையது என்பது தெரியவரும். நான் ஊகித்தது பிழை என்றால் இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு வாசியுங்கள்.

எங்கள் வீடு உப்புவெளியில், ஆறு பேர்ச் காணியில் இருக்கிறது. வீட்டுக்குள் ஒதுக்க ஒரு மூலையும் கிடையாது. ஒரு அறையில் மாமி, மற்றதில் நாங்கள், விறாந்தையில் மகளின் படிப்பு மேசை. மிஞ்சியது குசினிச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான பாதை மட்டும்தான். அகலம் 4½ அடி, நீளம் 22 அடி. காஸ் சிலிண்டர், ஓடாத சைக்கிள், கழற்றிப்போட்ட பழைய கதவு எல்லாம் அங்கேதான் கிடந்தன.

அந்தப் பாதைதான் இன்று என் பட்டறை. ஒரு அறையே கிடைத்திருந்தால்கூட இதைத்தான் எடுத்திருப்பேன் என்று சொன்னால் வீம்பு என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். எட்டடிப் பலகை ஒன்றை நீளவாக்கில் வாளுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், வாளுக்கு முன்னால் எட்டடி வேண்டும், அறுத்து முடிகிறபோது பின்னால் எட்டடி வேண்டும். பதினாறு அடி. பத்துக்குப் பத்து அறையில் இது நடக்காது. பலகையின் வாலை யன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 22 அடிப் பாதையில் ஆறடி மிச்சம். அகலம் குறைவு என்பது உண்மை, ஆனால் மரவேலையில் பெரும்பாலான நேரம் நாம் பலகையோடு ஒரே நேர்கோட்டில்தான் நிற்கிறோம். ஆகவே உங்கள் வீட்டிலும் சதுர அடியைப் பார்க்காமல் நீளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விறாந்தையின் ஓரமாக இருக்கலாம், முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் உள்ள நடையாக இருக்கலாம். கதவுக்கு நேரே மேசையை வைத்தால் வெளி வளவும் சேர்த்து உங்கள் பட்டறைதான்.

இதில் அடங்காதது எட்டுக்கு நாலு ஒட்டுப்பலகை. அதை இந்தப் பாதையில் திருப்பவே முடியாது. அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கடையிலேயே துண்டாக்கி வாங்குகிறேன். கொஞ்சம் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுவது நல்லது.

எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு மழை வாடையோடு வருவது. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வடகிழக்கிலிருந்து சரிந்து அடிக்கும். வீட்டின் வடக்கிலோ கிழக்கிலோ பத்தி, அதாவது வீட்டோடு சேர்த்துச் சாய்வாக ஒரு தகரக் கூரை, இறக்கினால் தகரம் இருந்தும் மரம் நனையும். எங்கள் பாதை தென்மேற்குப் பக்கம், வீடே மழைக்கு மறைப்பு. அதற்குப் பதிலாக வைகாசியிலிருந்து கச்சான் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் பின்னேரம் நாலரைக்கு முன் அங்கே நிற்கவே ஏலாது. பத்தியின் சாய்வை உங்கள் வளவுப் பக்கமாக வைத்துப் பீலி போடுங்கள். கூரைத் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் விழுந்தால் பிறகு உங்கள் கேள்வி மரவேலைப் பகுதியில் இருக்காது, சட்டப் பகுதிக்குப் போய்விடும்.

சரி, இனி மாமி. நான் ஆயுதங்களை மாட்டச் சுவரில் துளை போடப் போகிறேன் என்றதும் ஒரே வசனம்தான் சொன்னார்: "தம்பி, அவர் கட்டின சுவர், அதில மட்டும் கை வைக்காதீங்கோ." மாமா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. இதற்கு மேல் என்ன வாதாட முடியும்? மனைவி என்னையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டா.

அதனால் சுவரைத் தொடாமல் செய்தேன். பழைய வீடு உடைத்த இடத்தில் வாங்கிய முதிரைச் சட்டங்கள் இரண்டைத் தரையிலிருந்து பத்தியின் வளை வரை நட்டுக் குறுக்கே பலகை அடித்தேன். (காட்டு மரம் வெட்டினாயா என்று யாரும் கிளம்ப வேண்டாம், அவை யன்னல் நிலையாக இருந்தவை.) சட்டகம் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது. வாள், உளி, சீவுளி எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. வேலை மேசையும் அதிலேயே பிணைச்சல் போட்ட பலகைதான். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். வேலை இல்லாதபோது கீழே மடங்கித் தொங்கும், காஸ் சிலிண்டர் வழக்கம்போல் அந்த வழியால் போய்வரும்.

பிறகுதான் யோசித்துப் பார்த்தேன், அந்தச் சுவரில் மாட்டியிருந்தால் இரும்பெல்லாம் போயிருக்கும். கடலோரத்துச் சுவர் உப்புப் பூக்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே கரைந்து நீராகிவிடும். ஒரு துளி மழை இல்லாமலே உளியில் துரு ஏறுவது இப்படித்தான். சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டம் இருந்தால் பாதிப்பு குறைவு. தவிரவும் எங்கள் வீட்டுச் சுவர் உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல். அதில் போல்ட் இறுக்கி மேசையைத் தொங்கவிட்டால் சீவுளி தள்ளுகிற தள்ளில் கல்லோடு வந்துவிடும். மடிக்கும் மேசை ஆடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆடும்தான். மேசையின் ஒரு முனை அசையாத தூணில் முட்டிக்கொண்டு நிற்கும்படி வைத்து, அந்தத் தூணை நோக்கியே சீவுங்கள். தள்ளும் விசை தூணுக்குப் போய்விடும், கால்களுக்கு வேலை இல்லை. உயரத்துக்கு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டு வரை அளந்தால் போதும். எனக்கு 33 அங்குலம்.

இரும்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லும் அறிவாளிகள் இருக்கிறார்கள். நாள்பட்டால் அது பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துணியில் தொட்டுத் துடைத்தால் சரி.

ஆயுத விஷயத்தில் நான் கைவாள் கட்சி. மேசைவாள், பெரிய மெசின் எல்லாம் வாங்கினால் அவைதான் குடியிருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள். என்னிடம் கரண்டில் ஓடுபவை ஒரு டிரில்லும் ஒரு சின்ன ஜிக்சோவும்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் மகளின் மேசையைச் செய்து முடித்தது அம்மப்பாவின் சீவுளியாலும் கைவாளாலும்தான். அவர் வெள்ளைக்காரன் காலத்து டொக்யார்ட்டில் தச்சராக இருந்தவர். 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கைமாறிய பிறகு வெளியே வந்து வீட்டுக் கதவுகள் செய்தார். 1944 ஆகஸ்டில் வேலியண்ட் என்ற பெரிய போர்க்கப்பலை ஏற்றியபோது இங்கே மிதக்கும் கப்பல்துறை உடைந்து தாழ்ந்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் தச்சனுக்கு நிற்க இடம் கிடைத்தாலே போதும் என்பார். இதைச் சொன்னால் எங்கள் மச்சானுக்குச் சிரிப்பு வரும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், ரொறன்ரோவில் இருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ என் பத்தியின் படத்தைப் போட, உடனே எடுத்தார்: "என்ன, வீட்டைத் தொழிற்சாலை ஆக்கிட்டியளோ? எவ்வளவு உழைக்கிறியள் அதில?" அவருக்கு இரண்டு கார் நிற்கும் கராஜ். உள்ளே பனி அள்ளும் சவளும் இறைச்சி சுடும் அடுப்பும்தான் என்று அவருடைய மனைவியே சொல்கிறா. தொழில் இல்லாமல் ஒருவன் சும்மா ஒரு கதிரை செய்வான் என்பது இவர்களுக்கு விளங்காது. விடுமுறைக்கு வந்தால் மட்டும் வான் பிடித்துக் கன்னியா, கோணேசர் கோயில், நிலாவெளி என்று எல்லா இடமும் காட்ட வேண்டும். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் ஊற்றிக் குளிக்க வேண்டும் அவருக்கு. வான் காசு யார் கொடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. போகும்போது விமான நிலையத்தில் வைத்து மகளின் கையில் ஒரு இருபது டொலர் தாள். இது உங்கள் கேள்விக்கு வெளியே போய்விட்டது, தெரியும்.

தூசிக்கு வருகிறேன். குசினிக்குப் பக்கத்தில் மரம் அறுப்பதென்றால் இதுதான் பெரிய சண்டை. சமையல் முடிந்து சட்டிபானை மூடிய பிறகுதான் அறுப்பேன், உடுப்புக் கொடியில் துணி இருந்தால் அறுக்கமாட்டேன். அரத்தாள் தேய்ப்பதை முடிந்தவரை குறைத்துச் சீவுளியால் முடிக்கிறேன். சீவல் சுருள் சுருளாக விழும், கூட்டி அள்ளிவிடலாம். பறப்பது அரத்தாள் தூசிதான். குறிப்பாக முதிரைத் தூசி சிலருக்குத் தோலில் சொறியும் தடிப்பும் கொண்டுவரும். பழைய முதிரை மரம் எங்கள் ஊரில் மலிவாக அகப்படுகிறது என்று ஆசைப்பட்டு வாங்குபவர்கள் முகமூடி, நீண்ட கைச் சட்டை இரண்டையும் மறக்க வேண்டாம். லின்சீட் எண்ணெய் பூசிய துணியைக் கசக்கி மூலையில் எறியவும் வேண்டாம், அது தானாகச் சூடாகித் தீப்பற்றக்கூடியது. காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இதை விளையாட்டாக எடுக்க ஏலாது. விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

கரண்டுக்கு, பிரிட்ஜ் பிளக்கிலிருந்து வயர் இழுக்காமல் தனியாக ஒரு 13 அம்பியர் பிளக் எடுப்பித்தேன். உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஈரத் தரையில் நின்று டிரில் பிடிக்கிற ஆள் நீங்கள்தான்.

மாமியின் சம்மதம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தேங்காய் துருவலையின் பலகை ஆடிக்கொண்டே இருந்தது. முதல் வேலையாக அதற்கு அகலமான, ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்வான முதிரைப் பலகை போட்டுக் கொடுத்தேன். பெரிய பாராட்டு எதுவும் வரவில்லை. ஆனால் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்து இடத்தை ஒதுக்கியது மாமிதான். பிறகு சாமித்தட்டு கேட்டார், பிறகு பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு துருவலை. இதை லஞ்சம் என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும். முதல் வேலை யாருக்கு என்று யோசித்துச் செய்யுங்கள் என்பது என் அனுபவம்.

வெளியே ஒரு கடை அறை வாடகைக்கு எடுக்கலாமே என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில். தொழில் செய்பவருக்கு அது சரி. எனக்கோ கந்தோர் முடிந்து வந்து தேத்தண்ணீர் குடித்த பிறகு அரை மணி, முக்கால் மணி கிடைக்கும். பலகை மூட்டு ஒன்றுக்குப் பசை போட்டு இறுக்கிவிட்டு வருவேன், அவ்வளவுதான் அன்றைக்கு. இதற்காகச் சைக்கிள் எடுத்து, பூட்டுத் திறந்து, விளக்குப் போட்டு யார் போவது? பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த மாதம் அடிக்கிற வேலையை நிறுத்திவிட்டுத் தீட்டுகிற வேலையைப் பார்க்கலாம். வீட்டோடு இருந்தால் இப்படி வளைந்து கொடுக்க முடிகிறது.

பத்தி இறக்குவதாக முடிவெடுத்தால் ஆவணி, புரட்டாதிக்குள் இறக்கிவிடுங்கள். முதல் மழை விழுந்த பிறகு தகரம் அடிக்கிறவர் எவரும் போனே எடுக்கமாட்டார்.