'நண்பரே' என்று விளிக்கும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரில் பன்னேர்கட்டா சாலைப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் இருக்கிறோம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். வீட்டு வேலைக்கு ஆள், டியூஷன், பொங்கலுக்குக் கரும்பு, ஊருக்குப் போகிற காரில் இடம் என்று ஆரம்பித்தது. இப்போது முந்நூறு பேருக்கு மேல். நான்தான் அட்மின். போன வாரம் காவிரியில் தொடங்கிய பேச்சு, கன்னடம் கற்றுக்கொள்ளாதவர்கள் பற்றித் திரும்பி, இரவு பதினொன்றரைக்கு இரண்டு பேர் குடும்பத்தை இழுத்துத் திட்டிக்கொள்வதில் போய் நின்றது. பதினோரு மெசேஜை நீக்கிவிட்டு குரூப்பைப் பூட்டினேன். மூன்று நாளாகத் திறக்கவில்லை. சர்வாதிகாரி என்கிறார்கள். சிலர் வேறு குரூப் ஆரம்பித்துவிட்டார்களாம். நான் நடுநிலையாகத்தான் இருந்தேன். ஒரு சிரிப்பு இமோஜி போட்டதைத் தவிர எதுவும் எழுதவில்லை. இனி தினமும் இரவில் பூட்டிவைக்கலாமா? விதிமுறை எழுதிப் போடட்டுமா? அட்மினைப் போலீஸ் பிடிக்கும் என்று என் கணவர் பயப்படுகிறார், உண்மையா?

எம்.

அன்புள்ள எம்.,

வாசகர் கடிதங்களுக்கு உடனே பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. தமிழர்கள் சண்டைக்கு முன்னால் ஏன் அவ்வளவு மரியாதையாகிவிடுகிறார்கள் என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் போலீஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். மற்றவர் எழுதியதற்காக மட்டும் அட்மின் குற்றவாளியாக மாட்டார். அப்படிச் செய்வது, அவதூறு அச்சான பத்திரிகைக்காகக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பது போன்றது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இலேயே சொல்லிவிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் ஏறக்குறைய அதையே சொல்லின. சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. நீங்கள் திட்டமிடவில்லை. உங்கள் கணவர் தூங்கட்டும்.

விதிமுறை எழுதலாம். யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம்.

இனி திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். சண்டை நடக்கும்போது அட்மின் போடும் சிரிப்பு இமோஜி, தீர்ப்பு. எந்த மெசேஜின் மேல் அது உட்கார்ந்திருக்கிறதோ அவர் ஜெயித்தார் என்று முந்நூறு பேரும் படிப்பார்கள். 'எதுவும் எழுதவில்லை' என்று அதற்குப் பிறகு சொல்வது நியாயமா, அம்மா? அட்மின் ஒரு பேச்சில் வாய் வைத்துவிட்டால், இமோஜி அளவுக்கு வைத்தாலும், அந்தப் பேச்சை அடக்கும் வேலை வேறொரு அட்மினுடையது. அதனால் குறைந்தது மூன்று அட்மின் வேண்டும். அதில் ஒருவர் இரவில் விழித்திருப்பவராக இருக்கட்டும். பெங்களூரில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கா பஞ்சம்? ஒருவராவது நன்றாகக் கன்னடம் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். காரணம் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பதினோரு மெசேஜைப் பார்ப்போம். நீங்கள் நீக்கிய ஒவ்வொன்றின் இடத்திலும், அட்மின் நீக்கினார் என்று உங்கள் பெயரோடு ஒரு வரி நிற்கும். ஏன் என்று நிற்காது. காலையில் எழுந்தவர் பார்ப்பது, வரிசையாக உங்கள் பெயரும் நடுவில் தப்பித்த ஒன்றிரண்டு மெசேஜும்தான். பெரும்பாலும் அவசரத்தில் எல்லோரும் செய்யும் தவறு இது: முதலில் விழுந்த வசையை நீக்கிவிட்டு அதற்கு வந்த பதிலை விட்டுவிடுவார்கள். அடி வாங்கியவர் காரணமில்லாமல் அடித்தவர் மாதிரி தெரிவார். நீக்கினால் ஜோடியாக நீக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் விட வேண்டும். நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்ற அட்மினுக்கு அனுப்பிவிடுங்கள். நாளை 'நான் அப்படி எழுதவே இல்லை' என்பார்கள். நீக்கியதும் ஒரே வரி: 'குடும்பத்தாரைப் பற்றிய வசை என்பதால் இருவரின் நான்கு மெசேஜ்களும் நீக்கப்பட்டன.' பெயர் வேண்டாம். எண்ணிக்கை வேண்டும்.

ஆனால் நீக்குகிற கட்டத்துக்கு வந்துவிட்டாலே தாமதம்தான். நான் உண்மையில் எழுத நினைத்தது இதைத்தான். கெட்ட வார்த்தைக்காகக் காத்திருக்கும் அட்மினால் தமிழில் எந்தச் சண்டையையும் நிறுத்த முடியாது. கெட்ட வார்த்தை கடைசியில்தான் வரும். அதற்குப் பத்துப் பதினைந்து மெசேஜுக்கு முன்பே விளி மாறிவிடும். நேற்றுவரை 'அண்ணா' என்று இருந்தது 'சார்' ஆகும். 'சார்' 'அறிவாளி சார்' ஆகும். 'நண்பரே' என்று ஒருவர் தொடங்கினால் மணி பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான நண்பனைத் தமிழன் 'நண்பரே' என்று கூப்பிடுவதில்லை. 'மாண்புமிகு' வந்தால் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அடுத்து 'நீங்கள்' 'உங்களை மாதிரி ஆட்கள்' என்று பன்மையாகும். அதுவரை தண்ணீரைப் பற்றிப் பேசியவர்கள் அந்த இடத்தில் ஆளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். அதன்பிறகுதான் 'நீ'. 'நீ' வந்தபின் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, நீக்குவதைத் தவிர.

இன்னோர் அடையாளம்: மூன்று நாள் பழைய மெசேஜைத் தேடி எடுத்து, அதன்மேல் ரிப்ளை போடுவது. பேச்சை விட்டுவிட்டு ஒருவர் சாட்சி சேர்க்க ஆரம்பித்துவிட்டார் என்று பொருள்.

ஆகவே தலையிட வேண்டிய இடம் 'அறிவாளி சார்'. அங்கே பூட்டக்கூட வேண்டாம். சண்டையைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வியை எறியுங்கள்: 'கபினி அணையில் இன்று நீர்மட்டம் எவ்வளவு என்று யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?' ஆளிடமிருந்து தண்ணீருக்குப் பேச்சு திரும்பும். திரும்பாவிட்டால் இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். குரூப்பில் பெயர் சொல்லி 'அமைதி' என்று எழுதாதீர்கள். முந்நூறு பேர் முன்னால் அடங்கிப்போக எந்த அப்பாவுக்கும் மனம் வராது. தமிழ் இணையத்தில் இதற்கு மட்டுறுத்தல் என்று ஒரு சொல் புழங்குகிறது. எனக்குப் பிடித்த சொல். அளவுக்குள் கொண்டுவருவது என்றுதான் அதற்கு அர்த்தம். நீங்கள் செய்தது மட்டுறுத்தல் இல்லை, கதவடைப்பு.

பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் அறிவிப்பு, பிறகு பூட்டு. அறிவிப்பில் மூன்று இருக்க வேண்டும்: என்ன காரணம், எத்தனை மணிக்குத் திறக்கும், அதற்குள் அவசரமென்றால் யாரை அழைப்பது. 'ஆட்களைப் பற்றிய பேச்சாகிவிட்டது. நாளை காலை 8 மணி வரை அட்மின்கள் மட்டும் எழுதலாம். லிப்ட், மருத்துவம், தண்ணீர் என்றால் இந்த இரண்டு எண்களில் கூப்பிடுங்கள்.' அவ்வளவுதான். திறக்கும் நேரம் சொல்லாத பூட்டுதான் இரண்டாவது குரூப்பைப் பெற்றெடுக்கிறது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமானாலும் அதே கதை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பூட்டுவதை நான் ஏற்க மாட்டேன். நீங்கள் மூன்று நாள் பூட்டியிருக்கிறீர்கள். தினமும் இரவில் பூட்டலாமா என்று கேட்டீர்கள். இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு நெபுலைசர் கேட்பவள் எங்கே போய்க் கேட்பாள்?

ஃபார்வர்டுக்குத் தனிக் கணக்கு. 2018 மே மாதம் உங்கள் பெங்களூரின் சாமராஜ்பேட்டையில் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து, ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஒருவரை அடித்துக் கொன்றார்கள். போன் போனாகப் பரவிய வதந்திதான் காரணம். அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் 'ஃபார்வர்டு' என்ற அடையாளத்தைச் சேர்த்தது. இரட்டை அம்போடு வருவது பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்பு வந்தால் விவாதிக்க வேண்டாம், 'இதை முதலில் யார் அனுப்பியது, மாமா?' என்று போனில் கேளுங்கள். அனுப்பாதீர்கள் என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். யார் அனுப்பியது என்று கேட்டால் அவரே யோசிப்பார்.

ஒரே ஒரு மாதிரி நாளில் மட்டும் எதையும் பூட்டாதீர்கள். 2016 செப்டம்பர் 12, தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பஸ்களும் லாரிகளும் உங்கள் ஊரில் எரிந்த நாள். அப்படி ஒரு மாலையில் குரூப்புக்கு வேண்டியது அமைதி இல்லை, பள்ளி வேன் எங்கே நிற்கிறது என்ற தகவல். அன்றைக்கு ஒரே விதி: ஒவ்வொரு மெசேஜிலும் எந்த இடம், எத்தனை மணி, நீங்களே பார்த்ததா. மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் அட்மின் கேட்க வேண்டும், பதில் இல்லாவிட்டால் நீக்க வேண்டும். தேதி இல்லாத வீடியோ, எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், உடனே போக வேண்டும். கன்னடம் படிப்பவர் ஏன் என்று இப்போது புரியும்: கீழ்த்தள வீட்டுக்காரர்களின் குரூப்பில் என்ன ஓடுகிறது, உங்கள் குரூப்பிலிருந்து எந்த ஸ்கிரீன்ஷாட் அங்கே போயிருக்கிறது என்று அவர்தான் சொல்ல முடியும். போயிருக்கும். கட்டாயம் போயிருக்கும்.

நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. போகட்டும். பிரிந்து போனவர்களின் குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கரும்பு எங்கே மலிவோ அங்கே வருவார்கள். இன்று மாலை 6 மணிக்குத் திறக்கிறேன் என்று எழுதி, 6 மணிக்குத் திறங்கள். முதல் மெசேஜாக மன்னிப்பும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். டேங்கர் எத்தனை மணிக்கு வருகிறது என்று போடுங்கள். அதற்கு முன் அந்த இருவருக்கும் போன். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு இமோஜியே சொல்கிறது. நியாயம் யாரிடம் இருந்ததோ அவரை முதலில் கூப்பிடுங்கள். அவருக்குத்தான் அதிகம் வலித்திருக்கும்.