கையால் செய்து விற்பவருக்கு இன்சூரன்ஸ் எதற்கு? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலேயே சோயா மெழுகில் வாசனை மெழுகுவத்தி செய்து விற்கிறேன். வருகிற பணம் கைச்செலவுக்குத்தான் காணும். ‘விற்ற பொருளால் யாருக்காவது சேதம் வந்தால் ஈடுகட்டும் பொருள் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்துக்கொள்’ என்கிறாள் ஒரு தோழி. அதெல்லாம் தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்குத்தானே? என்னிடம் வாங்குகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். யார் என்மேல் வழக்குப் போடப்போகிறார்கள்?

வாங்குகிறவர் தெரிந்தவர்தான். மெழுகுவத்தியை ஏற்றப்போவது அவர்தான் என்று சொல்ல முடியுமா? கைவினைப் பொருட்கள் பலவும் பரிசாகக் கைமாறுபவை. உங்கள் முகமே தெரியாத ஒருவர் வீட்டு மேசையில்தான் அது எரியும்.

இந்தச் சிக்கலுக்குச் சட்டம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டோனோஹியூ என்ற பெண்ணுக்கு அவர் தோழி ஒரு ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். பாட்டிலுக்குள் அழுகிய நத்தை கிடந்தது, அதனால் உடம்புக்கு முடியாமல் போயிற்று என்று வழக்கு. காசு கொடுத்தவர் தோழி. டோனோஹியூவுக்கும் அதைத் தயாரித்தவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனாலும், பொருளைக் கடைசியில் பயன்படுத்துகிறவர் விஷயத்திலும் தயாரிப்பாளர் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்று 1932-ல் அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன்பின் சட்டம் இன்னும் இறுகியது. ஐரோப்பாவில் 1985-ல் வந்த உத்தரவின்படியும் பிரிட்டனின் 1987 சட்டப்படியும் பாதிக்கப்பட்டவர் உங்கள் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டியதே இல்லை. பொருளில் குறை இருந்தது, அதனால் சேதம் வந்தது என்று காட்டினால் போதும். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. போதிய எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ சொல்லாமல் விட்டதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் அடுப்படி மேடையும் தொழிற்சாலையும் இந்தச் சட்டங்களுக்கு ஒன்றுதான்.

மெழுகுவத்தி வேறு, பார்க்கிற அளவுக்குச் சாதுவான பொருள் இல்லை. கண்ணாடிக் குவளையின் அகலத்துக்குத் திரி தடிமனாகிவிட்டால் சுடர் உயர்ந்து குவளை சூடேறும். மெழுகு அடிவரை தீர்ந்து திரி கண்ணாடியைத் தொட்டு எரிந்தால் குவளை விரிசல் விடும். வாசனை எண்ணெயைக் கூடுதலாகக் கலந்திருந்தால் மேலே உருகி நிற்கும் குளமே தீப்பிடிக்கக்கூடும். அப்போது கேள்வி உங்கள் மெழுகுவத்தியின் விலையைப் பற்றியதாக இருக்காது. மேசை, திரைச்சீலை, அறை என்று போகும்.

‘தெரிந்தவர்கள் வழக்குப் போட மாட்டார்கள்’ என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் தன் வீட்டுக்குக் காப்பீடு வைத்திருந்தால், இழப்பீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு அவருடைய இடத்தில் நின்று உங்களிடம் வசூலிக்கும் உரிமை அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. நிறுவனத்துக்கு உங்கள் நட்பு ஒரு பொருட்டே இல்லை.

உங்களுடைய சொந்த வீட்டுக் காப்பீடு கைகொடுக்கும் என்றும் நம்பாதீர்கள். வீட்டில் நடக்கும் வியாபாரத்தை அந்தப் பாலிசிகள் பெரும்பாலும் விலக்கியே வைக்கின்றன. தோழி சொன்னபடி செய்யுங்கள்.

கேள்வி: வாழ்த்து அட்டைகளும் காகித மாலைகளும்தான் செய்கிறேன். எனக்கும் அவசியமா?

அவசரமில்லை. காகிதத்தால் காயப்பட்டு வழக்குத் தொடுத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கண்காட்சிகளில் கடை போடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது பொதுப் பொறுப்புக் காப்பீடு. மேசை விரிப்பு தடுக்கி ஒருவர் விழுந்தால் அதில்தான் வரும். பொருள் உங்கள் கையைவிட்டுப் போனபின் செய்யும் சேதத்துக்கானது பொருள் பொறுப்பு. இரண்டையும் சேர்த்து ஒரே பாலிசியாகவும் தருகிறார்கள். கண்காட்சி நடத்துபவர்கள் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும்போது இதில் எதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரெசின் பிசினை வார்த்து கோஸ்டர் (கோப்பைக்கு அடியில் வைப்பது), தட்டு செய்து விற்கிறேன். பாலிசி எடுத்துவிட்டால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பொருளுக்கும் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. இந்தக் காப்பீட்டைப் பற்றி அதிகம் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

ஒருவர் கொதிக்கும் காபிக் கோப்பையை உங்கள் கோஸ்டர்மேல் வைக்கிறார். சாதாரண எபாக்சி ரெசின் அந்தச் சூட்டில் இளகி, மர மேசையில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மேசையின் பாலிஷ் உரிந்து வருகிறது. மேசைக்கான இழப்பீடு காப்பீட்டில் வரும். கோஸ்டருக்கான பணத்தை நீங்கள்தான் திருப்பித் தர வேண்டும். அதாவது, உங்கள் பொருள் மற்றவரின் உடலுக்கோ உடைமைக்கோ செய்த சேதத்துக்கும், அதற்காக உங்களை எதிர்த்து வரும் வழக்குச் செலவுக்கும்தான் இந்தப் பாலிசி. நிறம் மங்கியது, சொன்ன அளவில் இல்லை, தாமதமாக வந்தது என்பவை வியாபாரத்தின் பாடு. விற்றதையெல்லாம் திரும்பப் பெற வேண்டி வந்தால் அந்தச் செலவுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். ரெசின் கலக்கும்போது உங்கள் கையே வெந்தாலும், இன்னொருவரின் வடிவத்தைக் காப்பியடித்ததாகப் புகார் வந்தாலும் இந்தப் பாலிசி வாய் திறக்காது. குறை இருப்பது தெரிந்தும் விற்றிருந்தால் சொல்லவே வேண்டாம்.

வழக்குச் செலவு என்பதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். உங்கள்மேல் தப்பே இல்லாத வழக்கிலும் வக்கீலுக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். சின்ன வியாபாரியை முறிப்பது பல நேரம் தீர்ப்பைவிட அதுதான்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களில் விசாரித்தேன். காப்பீட்டுத் தொகை இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் பிரீமியம் பாதிதான். மலிவானதையே எடுத்துக்கொள்ளலாமா?

தொகை ஒன்று என்பதால் பாலிசியும் ஒன்றாகிவிடாது. விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பாலிசியின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் தேதியை வைத்துப் பணம் தருகிறார்கள் என்பது. ஒரு வகைப் பாலிசியில் விபத்து நடந்த நாளில் காப்பீடு நடப்பில் இருந்தால் போதும். புகார் பிறகு எப்போது வந்தாலும் பார்த்துக்கொள்வார்கள். இன்னொரு வகையில் புகார் வருகிற நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். மலிவானது பல நேரம் இந்த இரண்டாவது வகையாக இருக்கும். 2024-ல் ஒரு ஊஞ்சல் விற்கிறீர்கள். 2025-ல் கயிறு அறுந்து ஒருவர் விழுகிறார். 2026-ல் நீங்கள் தொழிலை விட்டுவிட்டு பாலிசியையும் புதுப்பிக்காமல் விடுகிறீர்கள். அதன்பிறகு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. முதல் வகையென்றால் காப்பாற்றும், இரண்டாவதென்றால் நீங்கள் தனியாள். அதனால் இரண்டாவது வகையை எடுப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்தத் தேதிக்குப் பிந்தைய நிகழ்வுகள் சேரும், நிறுவனம் மாறினால் அந்தத் தேதி கூடவே வருமா, தொழிலை நிறுத்தினால் பின்னால் வரும் புகார்களுக்கு நீட்டிப்பு வாங்க முடியுமா. ஐரோப்பிய விதிப்படி ஒரு பொருள் சந்தைக்கு வந்து பத்து ஆண்டுகள்வரை அதற்காக வழக்குத் தொடர முடியும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கடையை மூடிய அன்றே பொறுப்பும் மூடிவிடுவதில்லை.

அடுத்தது நாடு. இணையத்தில் விற்கிறவர்கள் ஆர்டர் வந்தால் எங்கே வேண்டுமானாலும் அனுப்பிவிடுகிறார்கள். வழக்குச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் பயந்து அமெரிக்காவையும் கனடாவையும் விலக்கிய பாலிசிகள் ஏராளம். பொருள் எங்கே விற்கலாம் என்பதும் வழக்கு எங்கே நடந்தால் தாங்குவார்கள் என்பதும் வேறு வேறு விதிகள். இரண்டையும் படிக்க வேண்டும்.

பிறகு தொகையின் கணக்கு. அது ஒரு விபத்துக்கா, ஆண்டு முழுவதற்குமா? வக்கீல் செலவை அந்தத் தொகையிலிருந்தே கழிக்கிறார்களா, தனியாகத் தருகிறார்களா? ஒவ்வொரு க்ளைமிலும் முதலில் உங்கள் கைப்பணம் எவ்வளவு போக வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை வாங்கியபிறகு பிரீமியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி விலையின் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ‘பின்னல் கைவினைப் பொருட்கள்’ என்று எழுதிப் பாலிசி எடுத்தேன். இப்போது குரோஷா பொம்மைகளும் தொட்டிலுக்கு மேல் தொங்கவிடும் அலங்காரமும் செய்கிறேன். அதே நூல், அதே ஊசி. பாலிசி செல்லும்தானே?

செல்லும் என்று நினைத்துக்கொண்டு ஒரு பொம்மைகூட அனுப்பாதீர்கள். காப்பீட்டுக்காரர் உங்கள் நூலுக்குப் பிரீமியம் போடவில்லை, அதனால் வரக்கூடிய ஆபத்துக்குப் போட்டார். கழுத்துச் சால்வைக்கும் குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கும் அவர் கணக்கில் பெரிய தூரம். புதிய வகைப் பொருளைச் சொல்லாமல் விற்றால் க்ளைமை மறுக்க அவருக்கு வலுவான காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்தமாதிரி.

குழந்தைப் பொருளுக்கு விதிகளும் தனி. அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையில் போட்டுப் பார்க்கிறார்கள். பொருளோ, அதிலிருந்து பிய்ந்து வரும் துண்டோ முழுதாக அதற்குள் அடங்கிவிட்டால் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு என்று அர்த்தம்; விற்க முடியாது. பொம்மைக்குக் கண்ணாக நீங்கள் தைக்கிற பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உருளைக்குள் சர்வசாதாரணமாகப் போய்விடும். நீங்கள் நம்ப வேண்டியது நூலின் இறுக்கத்தை மட்டும்தான். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே எம்பிராய்டரி செய்துவிடுங்கள் என்பது என் யோசனை. ஐரோப்பாவுக்கு அனுப்பினால் பொம்மைக்கு, அந்த ஊர்ப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. குறியும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய சோதனைக் கோப்பும் வேண்டும். காப்பீட்டுக்காரரும் அதையே கேட்கலாம்.

‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டித் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கரடிக்குட்டி வடிவில் மெத்துமெத்தென்று ஒன்றைச் செய்து, தொட்டிலில் படம் எடுத்துப் போட்டுவிட்டு அப்படி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அமெரிக்க விதியே, தயாரிப்பாளர் எழுதியது நியாயமாக இருந்தால்தான் எடுபடும் என்கிறது.

கேள்வி: பெரிய இணையச் சந்தை வழியாகத்தான் விற்கிறேன். பொறுப்பு அவர்களுடையது இல்லையா?

சில நேரம் அவர்களுடையதும்தான். 2020-ல் கலிஃபோர்னியாவில், வேறொரு விற்பனையாளரின் மடிக்கணினி பேட்டரி வெடித்த வழக்கில் அமேசானையும் பொறுப்பாக்க முடியும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் உங்கள் பாரம் குறைந்துவிடாது. சந்தையில் சேரும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிய ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பொருளால் அவர்களுக்கு வரும் நஷ்டத்தை நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மணியும் கொக்கியும் எங்கிருந்தோ வாங்கிக் கோக்கிறீர்கள் என்றால், சப்ளையரிடம் பில்லோடு சோதனைச் சான்றையும் கேளுங்கள். குறை அவருடைய பாகத்தில் இருந்தால் பிறகு அவரிடம் போக வழியிருக்கும். ஆயத்தமாக வாங்கியதில் உங்கள் பெயர்ச்சீட்டை மட்டும் ஒட்டி விற்றால், ஐரோப்பிய விதிப்படி தயாரித்தவர் என்ற இடத்தில் நீங்களே நிற்பீர்கள்.

கேள்வி: நான் விற்பவள் இல்லை, வாங்கியவள். ‘நிக்கல் இல்லை’ என்று எழுதியிருந்ததால் கையால் செய்த தோடு வாங்கினேன். நான்கு நாளில் காது புண்ணாகிவிட்டது. கேட்டால், ‘நான் சின்ன ஆள், இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது’ என்கிறார்.

இன்சூரன்ஸ் இல்லை என்பது அவருடைய கஷ்டம், உங்கள் உரிமையை அது தொடாது. காப்பீடு இருந்தால் அவர் தரப்பில் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்திருக்கும். இல்லாததால் அவரே தர வேண்டும், அவ்வளவுதான். ‘நிக்கல் இல்லை’ என்று எழுதியிருந்தது முக்கியமான விஷயம். அப்படி வெளிப்படையாக உறுதி கொடுத்துவிட்டு அது பொய்த்தால், தன்மேல் அஜாக்கிரதை இல்லை என்று நிரூபித்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்கிறது இந்தியச் சட்டம். ஐரோப்பாவில் தோலோடு உரசும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கே வரம்பு உண்டு; காது துளையில் போடுவதற்கு அந்த வரம்பு இன்னும் கறாரானது.

விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். மருத்துவர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ‘திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன்’ என்று அவர் சொன்னால் ஒரு தோட்டை மட்டும் அனுப்புங்கள். இரண்டையும் கொடுத்துவிட்டால் சோதிக்கக் கையில் எதுவும் இருக்காது.

கேள்வி: மெழுகுவத்திக் குவளை வெடித்துத் தரைவிரிப்பு எரிந்துவிட்டதாக நேற்று ஒரு வாடிக்கையாளர் படம் அனுப்பியிருக்கிறார். பாலிசி இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு விரிப்புக்குப் பணம் அனுப்பிவிடட்டுமா?

பணம் அனுப்பாதீர்கள். யாருக்கும் அடிபடவில்லையே என்று விசாரியுங்கள், வருத்தம் தெரிவியுங்கள், குவளைத் துண்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘என் தப்புதான்’ என்றோ ‘முழுதும் தந்துவிடுகிறேன்’ என்றோ எழுதிவிட்டால், தன்னைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி நிறுவனம் கையை விரிக்கலாம். அப்படி ஒரு நிபந்தனை இந்தப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கேட்காவிட்டாலும் நிறுவனத்துக்கு இன்றைக்கே எழுதித் தெரிவியுங்கள். தாமதமும் மறுப்புக்குக் காரணமாகும்.

அதே நாளில் ஊற்றிய மற்ற மெழுகுவத்திகள் எங்கே போயின என்று பாருங்கள். குவளையின் அடியில் தொகுதி எண் ஒட்டியிருந்தால் எந்தக் கண்ணாடி, எந்தத் திரி, யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். எண் இல்லையென்றால் ஆர்டர் தேதிகளை வைத்துத் தேடுங்கள். மிச்சமிருப்பவற்றை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டை மட்டும் தொடாமல் எடுத்துவையுங்கள், நிறுவனத்தின் ஆய்வாளர் கேட்பார்.