மறுபடி படிக்க வந்தவர் கற்றல் நாட்குறிப்பில் என்னதான் எழுதுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பல வருட வேலைக்குப் பிறகு மறுபடி படிக்கச் சேர்ந்திருக்கிறீர்கள். பாடம் புரிகிறது, தேர்வுக்கும் பயமில்லை. ஆனால் வாரா வாரம் ‘கற்றல் நாட்குறிப்பு’ என்று ஒன்றை எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் “விவரணைதான் இருக்கிறது, சிந்தனை போதவில்லை” என்று திரும்பி வருகிறது. அப்படியென்றால் என்ன எழுதுவது?

நானும் வேலையை விடாமல் நடுவயதில் மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தவன்தான். படிப்பு முடியும்வரை இந்தக் குறிப்பை எழுதினேன், கூடப் படித்தவர்கள் எழுதியதையும் வாங்கிப் படித்திருக்கிறேன். அதில் எனக்குப் பட்டது இது: வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்பது நடத்தியவருக்குத் தெரியும். அதை அவருக்கே திருப்பிச் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம். நீங்கள் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்ததும் பாடம் சொல்வதும் எந்த இடத்தில் முட்டிக்கொண்டன என்பதுதான் அவருக்குத் தெரியாத விஷயம். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கேயே நின்று எழுதுங்கள்.

பள்ளி முடித்து நேராக வரும் பதினெட்டு வயதுக்காரருக்கு இது நிஜமாகவே கஷ்டம். பாடத்தோடு மோத அவரிடம் அனுபவம் குறைவு. நம்மிடம் அது வேண்டிய அளவு இருக்கிறது. ஆனாலும் நமக்குக் கை வராததற்குக் காரணம், நான் பார்த்தவரை, அலுவலக எழுத்துதான். வருடக்கணக்காக அறிக்கையும் கடிதமும் எழுதி எழுதி, ‘நான்’ என்ற சொல்லையே வாக்கியத்திலிருந்து துரத்திவிட்டிருக்கிறோம். ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்றுதான் பேனா ஓடும். அறிக்கையில் எல்லாம் முடிந்துவிட்டதாகக் காட்ட வேண்டும், குழப்பம் வெளியே தெரியக்கூடாது. இந்தக் குறிப்பிலோ அந்தக் குழப்பத்தைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு மாதிரி காட்டினால் சட்டென்று புரியும். புள்ளியியல் படிக்கும் ஒருவர், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் குறிப்பு இப்படி இருக்கும் (இடைநிலை என்பது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, முகடு என்பது அதிக முறை வருவது):

“இந்த வாரம் சராசரி, இடைநிலை, முகடு ஆகியவை கற்பிக்கப்பட்டன. இடைநிலையின் பயன்கள் விளக்கப்பட்டன. ஆசிரியர் எளிமையாக நடத்தினார். இது என் பணிக்கு மிகவும் உதவியாக இருக்கும்.”

இதில் ஒரு பிழையும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பதுதான் இதன் கோளாறு. இப்போது அதே ஆள், அதே வகுப்பு:

“புகார் தீர எத்தனை நாள் ஆகிறது என்று மாதாமாதம் சராசரி போட்டு அனுப்புவது என் வேலை. வகுப்பு முடிந்ததும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது புகார்கள்: 2, 2, 3, 3, 3, 4, 4, 5, 46 நாட்கள். சராசரி 8, இடைநிலை 3. எட்டு புகார்கள் ஐந்து நாளுக்குள் முடிந்திருக்கின்றன. எட்டு நாள் எடுத்த புகார் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் எந்தப் புகாரிலும் இல்லாத ஒரு எண்ணை வைத்துக்கொண்டா கூட்டத்தில் சண்டை போட்டோம்? இது ஏன் இதுவரை கண்ணில் படவில்லை? படிவத்தில் ‘சராசரி’ என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினோம், அவ்வளவுதான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. இடைநிலையை மட்டும் எழுதினால் அந்த 46 நாள் வாடிக்கையாளர் காணாமலே போய்விடுகிறார். கணக்குக்கு அவர் ஒதுங்கி நிற்கும் ஒரு எண். எனக்கு அவர்தான் முக்கியமான ஆள். அடுத்த அறிக்கையில் இரண்டு எண்ணையும் போட்டு, அதிக நாள் இழுத்த புகாரைத் தனியாகக் காட்டிப் பார்க்கப் போகிறேன்.”

இரண்டாவதில் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் இடைநிலை அவருக்குப் புரிந்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ‘ஆனால் ஒன்று உறுத்துகிறது’ என்று தொடங்கும் இடம். அங்கேதான் அவர் பாடத்தோடு எதிர்த்துப் பேசுகிறார். மறுபடி படிக்க வருகிறவர்களில் ஒரு சாரார் “இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்” என்று எழுதுவார்கள். இன்னொரு சாரார் “இத்தனை நாள் ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறேன்” என்று உருகுவார்கள். ஒன்று மிதப்பு, மற்றது பணிவு, ஆனால் இரண்டிலும் யோசனை அந்த வரியோடு நின்றுவிடுகிறது. எந்த அளவுக்கு என் அனுபவம் சரி, எந்த இடத்திலிருந்து பாடம் சரி என்று எல்லைக்கோடு போட்டுப் பார்ப்பதுதான் உண்மையான வேலை.

மதிப்பெண் போடுபவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. 1995-இல் ஹாட்டன், ஸ்மித் என்ற இருவர், ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்து அதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நடந்ததைச் சொல்வது முதல் வகை. நடந்ததற்குக் காரணமும் சேர்த்துச் சொல்வது அடுத்தது. ‘இப்படியும் இருக்கலாமோ, அப்படியும் இருக்கலாமோ’ என்று தனக்குள்ளேயே வாதாடுவது மூன்றாவது. அந்த வாதத்தை விரித்து, சமூகம், வரலாறு, அதிகாரம் என்ற பெரிய பின்னணியில் வைத்துப் பார்ப்பது நான்காவது. உங்களுக்குத் திரும்பி வந்தவை முதல் வகை என்று ஊகிக்கிறேன். நான்காவதுக்கு ஒவ்வொரு வாரமும் எட்டிப் பிடிக்க வேண்டாம், செயற்கையாகிவிடும். மூன்றாவதைத் தொட்டாலே ‘சிந்தனை போதவில்லை’ என்ற குறிப்புரை பெரும்பாலும் நின்றுவிடும்.

அனுபவத்தை அசைபோட்டு எழுத, கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் தந்த ஆறு படிகளையும் உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள்: விவரணை, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். அதைப் படிவமாக நினைத்து ஆறு தலைப்பு போட்டு, தலைப்புக்கு மூன்று வரி என்று நிரப்பினால் செத்த எழுத்துதான் வரும். தலைப்புகள் கட்டாயம் என்று விதி இருந்தால் போடுங்கள், ஆனால் விவரணையை இரண்டு வரியில் முடித்துவிட்டு இடத்தையெல்லாம் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். எனக்கு அதைவிட எளிதாக வந்தது கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970-இல் சொன்ன மூன்று கேள்விகள்: என்ன? அதனால் என்ன? இனி என்ன? நடுக் கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் நழுவுகிறார்கள்.

அப்புறம், உணர்வு என்ற பகுதி. பெரியவர்களுக்கு இது கூச்சமான இடம். வகுப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் நம் பிள்ளைகள் வயதில் இருக்கும்போது ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்று எழுதக் கை வராது. அதை ஒப்புதல் வாக்குமூலமாக நினைக்காமல் ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். குழு வேலை ஒன்றில், என்னைவிட மிகவும் இளையவர் ஒருவர் நான் எழுதிய பத்தியைச் சர்வ சாதாரணமாக வெட்டித் தூக்கிவிட்டார். சுருக்கென்று கோபம் வந்தது. ‘கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். ஏன் வந்தது என்று தோண்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அலுவலகத்தில் நான் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் காகிதத்தை யாரும் தொட மாட்டார்கள். ‘வரைவு’ என்றால் எனக்கு ஏறக்குறைய முடிந்துபோன ஒன்று, அவருக்கு இனிமேல்தான் தொடங்கப்போகிற ஒன்று. அதை எழுதிய பிறகு அந்தக் குழுவில் வேலை செய்வது கொஞ்சம் லேசானது. பத்தியை அவர் வெட்டியது சரியா என்றால், அதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து உண்டு.

இந்த மாதிரி உரசல் நம்மைப் போன்றவர்களுக்குப் புதிதில்லை. ஜாக் மெசிரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், இடைவெளிக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்துதான் 1978-இல் தன் ‘உருமாற்றக் கற்றல்’ கொள்கையை முன்வைத்தார். பழைய அனுமானங்களை வைத்துச் சமாளிக்க முடியாத ஒரு தடுமாற்றத்தில்தான் அந்தக் கற்றல் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. ஆகவே தடுமாறிய வாரம்தான் எழுத நல்ல வாரம்.

எப்போது எழுதுவது? வகுப்பு நடந்த அன்றே, கரடுமுரடாக. நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வைத்தாலும் போதும். நாள் தள்ளிப்போனால் மறந்துவிடும் என்பது பாதிக் காரணம்தான். ஒன்று தெரிந்துவிட்ட பிறகு, அது தெரியாமல் இருந்த நிலைக்கு மனசு திரும்பிப் போகாது. ‘இது முன்னமே தெரிந்ததுதானே’ என்று தோன்றிவிடும். பின்னறிவுச் சாய்வு என்று உளவியலில் சொல்வது இதைத்தான். உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார். இதற்கு நான் கண்ட மாற்று ரொம்பச் சின்னது: வகுப்புக்குப் போகும் முன்பே, அன்றைய தலைப்பைப் பற்றி நான் இப்போது என்ன நினைக்கிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவைப்பேன். வகுப்பு முடிந்து அந்த வரியைப் பார்த்தால் போதும், எது மாறியது என்று அதுவே சொல்லிவிடும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சமர்ப்பிப்பதும் உங்களுக்காக எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் போடப்போகிறார்கள் என்றதும் யாரும் முழு உண்மையை எழுத மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. நான் இரண்டாக வைத்துக்கொண்டேன். ஒன்று என் கண்ணுக்கு மட்டும்: திட்டல், புலம்பல் எல்லாம் அதில். அதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, ஒழுங்குபடுத்தி அனுப்புவேன். வேலை இடத்து விஷயம் வரும்போது இன்னும் கவனம் தேவை. சக ஊழியர், வாடிக்கையாளர், நோயாளி, மாணவர், யாராக இருந்தாலும் பெயரை எடுத்துவிடுங்கள். சின்ன அலுவலகமாக இருந்தால் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் பதவியையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

நான்கு வாரக் குறிப்பை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரே மனநிலை, ஒரே வாக்கிய ஓட்டம், நாலு பேனா மாற்றினாலும் தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்தாலும் மேலே காட்டிய முதல் மாதிரியைத்தான் கொஞ்சம் மினுக்கித் தரும். அந்த 46 நாள் வாடிக்கையாளரை நீங்கள் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்?

எதுவுமே முட்டாத வாரமும் வரும். அந்த வாரம் ஞானோதயத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். எது புரியவில்லை, எந்த வரி வரை புரிந்தது, எங்கே விட்டுப்போனது என்று எழுதுங்கள். குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, பல படிப்புகளில் முடிவில் ஒரு தொகுப்புக் கட்டுரை கேட்பார்கள். உங்கள் பழைய குறிப்புகளையே மேற்கோள் காட்டி, எப்படி மாறினீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் தேதி போட்டு வையுங்கள். பழைய குறிப்பைப் படிக்கும்போது அசட்டுத்தனமாகத் தோன்றினால் உடனே திருத்தக் கை பரபரக்கும். திருத்தாதீர்கள். புதுத் தேதி போட்டு அதன் கீழேயே எழுதுங்கள். பழைய வரியும் புது வரியும் அடுத்தடுத்து இருந்தால் அந்தக் கட்டுரையில் பாதியை அப்போதே எழுதி முடித்த மாதிரி.