பழைய டீசல் இஞ்சினைப் படம் பிடிக்க எங்கே நிற்பது?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். பழைய டீசல் இஞ்சின்களைப் படம் பிடிக்க ஆசை. வயல்வெளியில் நின்று எடுத்தால் இஞ்சினின் முகம் கறுத்துப்போகிறது, இல்லாவிட்டால் படம் கலங்கிவிடுகிறது. 18-55 லென்ஸ்தான் கையில் இருக்கிறது. பெரிய லென்ஸ் வாங்க வேணுமா?

பதில்: வேண்டாம் தம்பி, காசைப் பத்திரமாக வைத்திருங்கள். பிழை லென்ஸில் இல்லை, நிற்கிற இடத்தில். புதுப்பித்த வடக்குப் பாதையில் வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வரை ஓடும், அதாவது ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீற்றர். அந்த வேகத்தில் வயலைக் கடக்கிற இஞ்சின் பழசோ புதுசோ, படத்தில் எல்லாம் ஒன்றுதான். பழசின் குணம் தெரிவது அது ஸ்டேசனை விட்டு வெளிக்கிடும்போது.

எம்4 வகை இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் மொன்றியலில் செய்து 1975 இல் வந்தவை, இலக்கம் 743 முதல் 756 வரை. சாரதி த்ரொட்டிலைத் திறந்ததும் டீசல் உடனே உள்ளே போய்விடும், ஆனால் டர்போ வேகமெடுத்துக் காற்றைத் தள்ளக் கொஞ்சம் சுணங்கும், அந்த இடைவெளியில்தான் கரிக்கறுப்பாகப் புகை எழும்பும், பிறகு தானாகவே வெளுத்துவிடும். அதனால் கொடி காட்ட முதலே மேடையின் முனைக்குப் போய், குந்தி இருந்து, வெளிறிய வானம் பின்னால் வருகிற மாதிரிப் பிடியுங்கள். மரங்கள் பின்னால் நின்றால் புகை இருந்த இடமே தெரியாது. இதற்கு 18-55 தாராளம்.

1954 இல் தொடங்கிக் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் கனடா தந்த எம்2 வேறு சாதி. டர்போ கிடையாது, இந்தப் புகையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அவற்றில் பல ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் சூட்டியவை. வண்டி நிற்கும்போது கிட்டப்போய்ப் பெயரையும், அதன் ஓரத்தில் படிந்த எண்ணெய்க் கறுப்பையும், சில்லுக்கு முன்னால் மணல் விழும் குழாயையும் எடுங்கள். எனக்கு முழு வண்டிப் படங்களைவிட இவைதான் பிடிக்கும்.

சரி, முகம் கறுக்கிறதுக்கு வருவோம். நம் பாதை கிட்டத்தட்ட வடக்கு-தெற்காகக் கிடக்கிறது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், யாழ்ப்பாணம் போகிற வண்டியின் முகமோ வடக்கே பார்க்கும், பிறகு எப்படி வெளிச்சம் விழும்? அந்த மாதங்களில் கொழும்புக்குப் போகிற வண்டியை எடுங்கள், காலையில் பாதைக்குக் கிழக்கே, பின்னேரம் மேற்கே நின்று. வழியில்லாவிட்டால் எக்ஸ்போசரை ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

கலங்கலுக்குக் காரணம் இரண்டு. ஓடுகிற வண்டிக்கு ஷட்டர் 1/1000 விநாடியைவிட மெதுவாக இருக்கக்கூடாது. மத்தியான வெயிலில் சல்லிக்கல்லுக்கு மேலே கானல் ஆடும், அதைத் தூரத்திலிருந்து சூம் பண்ணினால் எவ்வளவு விலை லென்ஸும் கலங்கலாகத்தான் காட்டும்.

இப்போது நிறைய ஓட்டம் பவர்செட்தான், அதாவது தனி இஞ்சின் இழுக்காமல் பெட்டியோடேயே இஞ்சின் சேர்ந்த வண்டி, எந்த வண்டிக்கு எந்த இஞ்சின் வருகிறது என்று ஸ்டேசனில் கேட்டுவிட்டுப் போங்கள், படம் எடுக்கவும் ஸ்டேசன் மாஸ்டரிடமே ஒரு சொல் சொல்லிவிடலாம். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். பளை, முகமாலைப் பக்கம் போனால், மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையைக் கண்ட இடத்தில் பற்றைக்குள் ஒரு அடியும் வைக்காதீர்கள்.