‘எளிது, இரண்டரை மணி நேரம்’ என்று போட்ட பாதை ஏன் ஐந்து மணி நேரம் எடுத்தது?

கேள்வி: பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. மே மாதம் ஃபொந்தென்புளோ காட்டில் 9 கி.மீ. சுற்றுப்பாதை ஒன்று நடந்தோம். ‘எளிது, 2 மணி 30 நிமிடம், ஏற்றம் 200 மீட்டர்’ என்று போட்டிருந்தது. எங்களுக்கு 5 மணி நேரம் பிடித்தது. கடைசி ஒரு மணி நேரம் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். நடுவில் வழியும் தவறியது. ஆகஸ்டில் ஒரு கிழமை ஓவேர்ன் எரிமலைப் பகுதிக்குப் போக அறை எடுத்திருக்கிறோம். பிள்ளைகளோடு நடக்கக்கூடிய பாதை எது என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் மெதுவாக நடக்கவில்லை. அந்தப் பாதையை முடிக்க உங்கள் குடும்பத்துக்கு உண்மையாகவே 5 மணி நேரம் தேவை. பலகையிலும் வழிகாட்டிப் புத்தகத்திலும் போடும் நேரம், நடந்து பழகிய பெரியவர் மணிக்கு ஏறக்குறைய 4 கி.மீ. வேகத்தில் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். சாப்பிட உட்கார்ந்தது, சப்பாத்து நாடாவைக் கட்டியது, பாறையில் ஏறி இறங்கியது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

இனி உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். 5 வயதுப் பிள்ளை கூட வந்தால் மணிக்கு 2.5 கி.மீ. மட்டும். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 20 நிமிடம் கூட்டுங்கள். ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் 45 நிமிடம். நீங்கள் நடந்த பாதையையே எடுத்துக்கொள்வோம்: 9 கி.மீ.க்கு 3 மணி 36 நிமிடம், 200 மீட்டர் ஏற்றத்துக்கு 40 நிமிடம், ஓய்வு 45 நிமிடம். கூட்டினால் 5 மணி 1 நிமிடம் வருகிறது. கையில் கடிகாரம் காட்டியதும் அதுதான்.

5 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் 3 மணி நேரத்தைத் தாண்டும் பாதை முதல் நாளுக்கு வேண்டாம். 4 மணி நேரம்தான் எல்லை. தூரத்தைப் பார்த்துப் பாதையைத் தேர்வு செய்வதே பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் தவறு. பார்க்க வேண்டியது ஏற்றத்தை. பிரெஞ்சில் அதைத் ‘தெனிவெலே’ என்பார்கள். சமதரையில் 6 கி.மீ. நடந்த பிள்ளை, 400 மீட்டர் ஏற்றமுள்ள 4 கி.மீ. பாதையில் பாதி வழியில் உட்கார்ந்துவிடும்.

‘எளிது’ என்ற சொல்லும் ஏமாற்றும். பிரெஞ்சு நடைப்பயணக் கூட்டமைப்பு பாதைகளை மூன்று வகையில் தரம் பிரிக்கிறது: உழைப்பு, தரையின் கடினம், ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் உண்டு. உழைப்பில் 1 வாங்கிய பாதை தரையில் 3 வாங்கலாம். அப்படியென்றால் காலடியில் தடையாக நிற்கும் கல்லோ பாறையோ அங்கே இருக்கும். உங்கள் மகனுக்கு உழைப்பு 1, மற்ற இரண்டும் 2-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று எண்ணும் இல்லாமல் வெறும் ‘எளிது’ மட்டும் போட்டிருந்தால் வரைபடத்தைத் திறக்க வேண்டியதுதான். அரசு நில அளவை நிறுவனமான இஜெயென் வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் 4 செ.மீ. என்பது 1 கி.மீ. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தைப் பாதை குறுக்கே வெட்டினால் அது செங்குத்து. கோட்டோடு ஒட்டிப் போனால் சமதரை.

வழி தவறியதற்கு வருவோம். ஃபொந்தென்புளோவில் இது அடிக்கடி நடக்கும், அதற்குக் காரணம் உண்டு. 1842 முதல் கிளோத்-ஃபிரான்சுவா தெனெகூர் என்பவர் அங்கே நடைபாதைகளை அமைத்து நீல நிறத்தில் அடையாளமிட்டார். இன்றும் அவை நீலம்தான். அதே காட்டில் பாறை ஏறுபவர்களுக்கும் பாறைகளின்மேல் வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், நீலம், சிவப்பு என்று அம்புக்குறியும் எண்ணும் தீட்டியிருக்கிறார்கள். பிள்ளை நீல அம்பைக் கண்டு ஓடினால் அது போய் நிற்பது ஒரு பாறையின் உச்சியில். அம்பும் எண்ணும் பாறை முகத்தில் இருந்தால் அது உங்களுக்கானதல்ல. கிடைமட்டமான சிறு பட்டைக் கோடுதான் நடப்பவருக்கு.

கிராமப்புறத்தில் நீங்கள் பார்க்கப்போகும் குறிகள் மூன்று. மஞ்சள் பட்டை என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை. குடும்பத்துக்கு ஏற்றவை பெரும்பாலும் இவைதான், புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும். வெள்ளைக்குக் கீழே சிவப்புப் பட்டை என்றால் ஜெ.எர். எனும் நெடும்பாதை. அது நாள்கணக்கில் ஒரே திசையில் போகும், திரும்பி வராது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருந்தால் ஒரு வட்டாரத்தைச் சுற்றும் நெடும்பாதை. எந்த நிறத்திலும் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. பட்டைக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் அடுத்த சந்தியில் திரும்ப வேண்டும். குறியைக் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள், 9 வயதுக்கு அது மிகப் பொருத்தமான வேலை. 300 மீட்டர் நடந்தும் குறி தென்படவில்லை என்றால், ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ என்று போகாதீர்கள். கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். ஒரு மணி நேர அலைச்சல் எல்லாம் அந்த ‘இன்னும் கொஞ்ச’த்தில்தான் தொடங்குகிறது.

இப்போது ஓவேர்ன். 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த எரிமலைத் தொடர் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் பிரான்ஸில் குறைவு, ஏனென்றால் ஒரு மலையில் ஏறி முடித்ததும் உள்ளே குழிந்த எரிமலை வாயைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

முதல் நாள் பாவான் ஏரி. பெஸ் ஊருக்குப் பக்கத்தில், எரிமலை வெடிப்பில் உண்டான வட்டமான ஏரி. ஆழம் 92 மீட்டர். சுற்றிவர ஏறக்குறைய 3 கி.மீ., ஏற்றம் மிகக் குறைவு. ஓய்வோடு சேர்த்து 2 மணி நேரம் வையுங்கள். மரவேர்கள் பாதையில் புடைத்து நிற்கும், சறுக்கலான செருப்பு வேண்டாம். பாவானில் குளிக்கத் தடை. தண்ணீரைக் கண்டதும் பிள்ளைகள் கேட்பார்கள் என்றால், அதே வட்டாரத்தில் ஷாம்போன் ஏரியில் குளிப்பதற்கான கரை இருக்கிறது.

ஒரு நாள் இடைவெளி விட்டு பியூய் த பாரியு என்ற எரிமலை. உயரம் 1,209 மீட்டர். கூல் கணவாய் வண்டி நிறுத்தத்திலிருந்து போய்வர ஏறக்குறைய 6 கி.மீ., ஏற்றம் 200 மீட்டருக்கு மேல். உங்கள் கணக்கில் 4 மணி நேரம், அதாவது எல்லையில் நிற்கும் நடை. காட்டு நிழலில் பாதி, பிறகு மரப்படிகள். உச்சியில் 90 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள புல் மூடிய கிண்ணம் ஒன்று கால்மாட்டில் திறக்கும். படியை விட்டு விலகாதீர்கள். அந்த மண் எரிமலைச் சரளை, உருண்டையாகவும் இலேசாகவும் இருக்கும். இறக்கத்தில் கால் வாரிவிடும், மிதிபட்ட இடத்தில் புல் திரும்ப முளைக்க ஆண்டுகள் ஆகும்.

1,465 மீட்டர் பியூய் த டோம் உச்சிக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் கருத்து. செஸ்ஸா கணவாயிலிருந்து போகும் பழைய கோவேறு கழுதைப் பாதை 2 கி.மீ.தான். ஆனால் ஏற்றம் ஏறக்குறைய 390 மீட்டர். 5 வயதுக்கு அது 2 மணி நேரம் தொடர்ந்த ஏற்றம். அடிவாரத்திலிருந்து பற்சக்கர ரயில் ஓடுகிறது. அதில் ஏறி, உச்சியைச் சுற்றி நடந்து, ரோமானியர் காலத்து மெர்க்குரி கோயிலின் இடிபாட்டைப் பார்த்து, அதிலேயே இறங்குங்கள். ரயிலில் ஏறி நடந்து இறங்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: செஸ்ஸா இருப்பது மலையின் மறுபக்கம், கார் நிற்பதோ ரயிலடியில். கிளெர்மோன்-ஃபெரானில் 28 பாகை வெயில் அடித்தாலும் உச்சியில் 6, 7 பாகை குறைவு. காற்று வேறு. ஆளுக்கொரு காற்றுப்புகாச் சட்டை பையில் இருக்கட்டும்.

தண்ணீரில்தான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். பச்சைப்பசேல் என்று இருப்பதால் ஓடை இருக்கும் என்று தோன்றும். இந்த மலைகளில் பெய்யும் மழை எரிமலைக் கல்லுக்குள் அப்படியே இறங்கிவிடும். கடையில் வாங்கும் வோல்விக் போத்தலில் இருப்பது அப்படி இறங்கிய தண்ணீர்தான். ஆகவே மேலே குடிக்க எதுவும் கிடைக்காது. அரைநாள் நடைக்குப் பெரியவருக்கு 1.5 லிட்டர், மகளுக்கு 1 லிட்டர், மகனுக்கு முக்கால் லிட்டர். கேட்கும்போது கொடுப்பது போதாது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு. கிராமத்துக் குழாயில் ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. அவசரத்துக்குக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் குழாய் இருக்கும். அங்கும் எழுத்தைப் பார்த்துவிட்டே நிரப்புங்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். கிராமத்துக் கடைகள் மதியம் பூட்டியிருக்கும், ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் பாண்கூடத் தேட வேண்டிவரும். எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் வெயிலைத் தாங்கும், தயிர்ச்சாதம் தாங்காது. காட்டில் அடுப்பு பற்றவைக்காதீர்கள், சிறு எரிவாயு அடுப்பும் தீதான்.

காலை 8 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். ஆகஸ்டில் இடி பெரும்பாலும் பிற்பகலில் வரும். மதியம் 1 மணிக்குள் உச்சியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். முந்தின மாலையில் வானிலை நிறுவனமான மெத்தியோ-ஃபிரான்ஸின் எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள், இடிக்கு செம்மஞ்சள் காட்டினால் நடை வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் உடனே இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

பாதை மேய்ச்சல் நிலத்தின் ஊடே போகும். திறந்த படலையைத் திரும்பச் சாத்துங்கள். மின்வேலியாக இருந்தால் பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் பிடித்துக் கழற்றுங்கள், பிள்ளைகள் கடந்ததும் கொக்கியில் மாட்டுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகக் கூடாது. மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். நின்று, மகனைப் பக்கத்தில் நிறுத்தி, அமைதியான குரலில் பேசுங்கள். அது மோந்து பார்த்துத் திரும்பியதும் மந்தையை அகலச் சுற்றிப் போங்கள். அவசரத்துக்கு 112. ‘எந்தக் கொம்யூன்’ என்று கேட்பார்கள், புறப்படும்போதே ஊர்ப் பெயரை எழுதி வைத்திருங்கள்.

கடைசியாக உண்ணி. புல்லோரம் நடந்தால் நீளக் காற்சட்டையைச் சப்பாத்துறைக்குள் செருகுங்கள். அறைக்கு வந்ததும் குளிக்கும் முன் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். எள்ளைவிடச் சிறிதாகவும் இருக்கும். மருந்துக்கடையில் ‘தீர்-திக்’ என்று கேட்டால் பிளவுபட்ட நுனியுள்ள சிறு பிளாஸ்டிக் கொக்கி தருவார்கள். அதைத் தோலோடு ஒட்டிச் செருகி, உண்ணியின் உடலை அமுக்காமல் மெதுவாகத் திருகினால் தானாகக் கழன்று வரும். எண்ணெய், ஈதர், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அவை உண்ணியைக் கக்கவைத்து கிருமியை உள்ளே தள்ளக்கூடும். எடுத்த பிறகு கிருமிநாசினி தடவி, தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் வரை அந்த இடத்தைப் பாருங்கள். சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் அகன்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். உண்ணி பரப்பும் லைம் நோய் அந்தக் கட்டத்தில் மாத்திரையிலேயே குணமாகும்.